மழை பெய்தால் ட்ரிப், கேட்டைத் தொட்டால் ஷாக்: கிறிஸ்துமஸ் வெளிவிளக்குகளின் பழுதை அறிகுறியைக் கொண்டு கண்டறிதல்

டிசம்பர் முதல் வாரத்தில் நாகர்கோவில், தூத்துக்குடி, நாசரேத் பக்கத்து வீடுகளின் வாசலில் ஸ்டார் ஏறும்போது வடகிழக்குப் பருவமழை இன்னும் ஓய்ந்திருக்காது. ஆண்டிலேயே சுவரும் மண்ணும் மிக அதிகமாக ஈரம் குடித்திருக்கும் நாட்களில்தான் நாம் மெல்லிய வயர்களை மொட்டைமாடிக் கைப்பிடியிலும், இரும்பு கேட்டிலும், முற்றத்து மரங்களிலும் சுற்றுகிறோம். இந்த விளக்குகளில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஏதாவது ஓர் அறிகுறியைக் காட்டிவிட்டே வருகின்றன. அந்த அறிகுறி எதைச் சொல்கிறது என்பதைச் சரியாகப் படித்துக்கொண்டால், எதை நாமே சரிசெய்யலாம், எதற்கு உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

அதற்கு முன் ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். எல்.இ.டி. சீரியல் செட் சிறியது, அதில் ஓடும் மின்சாரமும் சிறியது, ஆகவே அது கடித்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று பலரும் நினைக்கிறார்கள். ஓர் எல்.இ.டி.க்கு 2 முதல் 3 வோல்ட் போதும் என்பது உண்மைதான். ஆனால் நேரடியாகச் சுவர் சாக்கெட்டில் சொருகும் செட்டுகளில் பல எல்.இ.டி.க்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, அந்த வரிசை முழுவதையும் 230 வோல்ட்டுக்குக் குறுக்கே வைத்திருக்கிறார்கள். விட்டுவிட்டு எரியச் செய்யும் சிறு கன்ட்ரோலர் பெட்டிக்குள் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் இருப்பதில்லை. சில டயோடுகளும் ஒரு சில்லும்தான் இருக்கும். ஆகவே அந்த மெல்லிய பச்சை வயரில் எங்கே தோல் உரிந்திருந்தாலும் அந்த இடத்தை வீட்டு மின்சாரத்தின் திறந்த முனையாகவே கொள்ள வேண்டும். 5 வாட் செட் ஒன்று எடுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ 22 மில்லியாம்பியர். மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டித்து உயிரைக் காக்கும் ஆர்.சி.சி.பி. கருவி துண்டிக்கும் அளவு 30 மில்லியாம்பியர். சில்லறை என்று நாம் ஒதுக்கும் மின்னோட்டமும் உயிரைப் பறிக்கக்கூடிய மின்னோட்டமும் எவ்வளவு நெருக்கமானவை என்பதை இந்த இரண்டு எண்களே காட்டும்.

கீழே சொல்லும் எந்தச் சோதனையையும் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுத் தொடங்கக் கூடாது. பிளக்கையே உருவி எடுத்து, அது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்துவிட்டுத்தான் விளக்கு வரிசையில் கை வைக்க வேண்டும். மீட்டர் பெட்டிக்கு அருகே ஆர்.சி.சி.பி. இருந்தால் அதிலுள்ள சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியவுடன் அது விழ வேண்டும், அதாவது ட்ரிப் ஆகி மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். விழவில்லை என்றால் அதை மாற்றிய பிறகே வெளிவிளக்கைப் பற்றி நினைக்க வேண்டும்.

கேட்டையோ கைப்பிடியையோ ஈரச் சுவரையோ தொட்டால் சுரீரென்கிறது

இந்த அறிகுறிக்கு மட்டும் "பிறகு பார்க்கலாம்" என்ற பேச்சே இருக்கக் கூடாது. தொட்டுத் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளவும் வேண்டாம். உடனே மெயின் சுவிட்சை அணையுங்கள். குழந்தைகளையும் வளர்ப்பு விலங்குகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

யாராவது ஏற்கெனவே ஷாக்கில் சிக்கியிருந்தால், மின்சாரத்தைத் துண்டிக்கும் வரை அவரைக் கையால் பிடித்து இழுக்காதீர்கள். இழுப்பவரும் அதே பாதையில் சேர்ந்துவிடுவார். மெயினை அணைக்க வழியே இல்லாதபோது, உலர்ந்த தரையில் அல்லது பலகையில் நின்றுகொண்டு, காய்ந்த மரக்கட்டையால் வயரை விலக்க வேண்டும். பிறகு 108க்கு அழைக்க வேண்டும். மூச்சும் நாடியும் இல்லை என்றால் ஆம்புலன்ஸ் வரும் வரை மார்பை அழுத்தும் முதலுதவியை விடாமல் செய்ய வேண்டும்.

ஷாக் எங்கிருந்து வருகிறது என்று தேடும்போது, பிளக்கை உருவிய நிலையில், வயர் இரும்பைத் தொடும் ஒவ்வொரு இடத்தையும் விரலளவு தூரத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். கேட் திறந்து மூடும் கீல் பக்கம், கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிய முடிச்சு, கைப்பிடியின் கூரிய விளிம்பு, காற்றில் வயர் ஆடி உரசும் மூலை ஆகிய நான்கு இடங்களில்தான் தோல் பெரும்பாலும் உரிந்திருக்கும். கட்டுக்கம்பியை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே கூடாது. நெகிழிப் பட்டையோ பருத்திக் கயிறோ போதும். திறந்து மூடும் கேட் கதவின் மேல் சீரியல் செட்டை ஓடவிடுவதை நான் எப்போதும் தவிர்க்கச் சொல்வேன். நாளொன்றுக்கு இருபது முறை மடங்கி நிமிரும் இடத்தில் எந்த மெல்லிய வயரும் ஒரு மாதம் தாங்காது.

இங்கே எர்த் பற்றி ஒரு விளக்கம் தேவை. நம் வீட்டில் எர்த் இருக்கிறது என்பதால் வாசல் கேட்டுக்கும் எர்த் இருக்கிறது என்று பொருளாகாது. சீரியல் செட்டின் பிளக் இரண்டு பின் உடையது. எர்த் வயர் அதில் கிடையாது. ஆகவே கசிவு கேட்டுக்கு வந்தாலும் அது மண்ணுக்குப் போக நல்ல பாதை இல்லாமல் அங்கேயே காத்திருக்கும். யாராவது ஈரக் காலோடு வந்து தொடும்போது அவருடைய உடலே அந்தப் பாதையாகிறது. அந்தக் கணத்தில் ஆர்.சி.சி.பி. இருந்தால் விழும், இல்லையென்றால் எதுவும் விழாது. மின்னோட்டம் அளவுக்கு மீறினால் துண்டிக்கும் எம்.சி.பி.யும் ஃபியூசும் வயரைக் காப்பதற்கானவை. மனித உடல் வழியே ஓடும் சிறு மின்னோட்டத்தை அவை கண்டுகொள்வதில்லை.

வெயிலில் ஒழுங்காக எரிகிறது, மழை பெய்தால் ஆர்.சி.சி.பி. விழுகிறது

இதைத்தான் மக்கள் அதிகமாகக் கேட்கிறார்கள், இதற்குத்தான் மிக ஆபத்தான தீர்வும் சொல்லப்படுகிறது. "மழைக்காலம் முடியும் வரை ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேரடியாகக் கொடுத்துவிடுங்கள்" என்று மின்பணியாளரிடம் கேட்காதீர்கள், அவராகவே அப்படிச் செய்ய முன்வந்தாலும் அனுமதிக்காதீர்கள். கருவி விழுவது பழுதல்ல. எங்கோ நீர் வழியாக மின்சாரம் கசிகிறது என்பதை அது உங்களுக்குச் சரியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

முதலில் வெளியே உள்ள எல்லா விளக்குகளின் பிளக்குகளையும் உருவிவிட்டு ஆர்.சி.சி.பி.யை ஏற்றிப் பாருங்கள். அப்போதும் நிற்காமல் விழுந்தால் சீரியல் செட்டின் மீது குற்றம் சொல்ல இடமில்லை. மதில் தூணில் நிரந்தரமாகப் பொருத்திய விளக்கு, தொட்டி மோட்டார், வெளிச் சாக்கெட், காலிங் பெல் பொத்தான் ஆகியவற்றில் ஒன்றில் நீர் இறங்கியிருக்கலாம். ஆர்.சி.சி.பி. பொருத்தும்போது ஒரு சுற்றின் நியூட்ரலை (மின்சாரம் திரும்பிப் போகும் வயரை) இன்னொரு சுற்றின் நியூட்ரலோடு கலந்து கொடுத்திருந்தாலும், இன்வெர்ட்டர் நியூட்ரலை மாற்றி இணைத்திருந்தாலும் இப்படி விழும். ஆனால் அது மழையைப் பார்த்து விழாது, குறிப்பிட்ட விளக்கையோ மின்விசிறியையோ போடும்போது விழும். இந்த வேறுபாட்டைச் சொன்னால் வரும் மின்பணியாளருக்குப் பாதி வேலை குறையும்.

எல்லாவற்றையும் உருவியபின் கருவி நிற்கிறது என்றால், ஒவ்வொரு செட்டாகச் சொருகி, ஒவ்வொன்றுக்கும் சில நிமிடங்கள் விட்டுப் பாருங்கள். எதைச் சொருகும்போது விழுகிறதோ அதில்தான் பழுது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். 30 மில்லியாம்பியர் என்று குறித்திருக்கும் கருவி, 15க்கும் 30க்கும் இடைப்பட்ட எந்த அளவிலும் விழலாம். கசிவுகள் ஒன்றோடொன்று கூடிக்கொண்டே போகும். மதில் விளக்கில் 10, ஸ்டாரின் ஹோல்டரில் 6, கடைசியாகச் சொருகிய செட்டில் 5 என்று இருந்தால், பழி கடைசியாக வந்ததன் மேல் விழும். ஆகவே வரிசையை மாற்றி இன்னொரு முறை செய்து பாருங்கள். இரண்டு முறையும் ஒரே செட்டில் விழுந்தால் அதுதான் குற்றவாளி. வெவ்வேறு செட்டில் விழுந்தால் கசிவு பல இடங்களில் பரவியிருக்கிறது.

குற்றவாளியைக் கண்டுபிடித்த பின் பார்க்க வேண்டிய இடம் இணைப்புகள். விளக்கின் தலையை விட வயர் சேரும் இடத்தில்தான் நீர் அதிகம் புகுகிறது. நம் ஊர்களில் இணைப்பின் மேல் பால் பாக்கெட் உறையையோ கடைப் பையையோ சுற்றி ரப்பர் பேண்ட் போடும் பழக்கம் இருக்கிறது. அது மழையை ஓரளவு தடுக்கும் என்பது சரி, ஆனால் வயர் வழியாக வழிந்து உள்ளே போன நீரையும் இரவில் உள்ளே வியர்க்கும் ஈரத்தையும் அது வெளியேற விடாது. இணைப்பு ஒரு சிறு தண்ணீர்ப் பைக்குள் கிடக்கும் நிலை வந்துவிடும். சாதாரணக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பும் வெளியில் நிலைக்காது. வெயிலில் பசை இளகி, முனை பிரிந்து, அந்தப் பிளவில் நீர் ஏறும்.

மிகச் சிறந்த இணைப்பு, வெளியே இல்லாத இணைப்புதான். விளக்கு வரிசையின் பிளக் சன்ஷேடுக்குக் கீழோ வராந்தாவுக்குள்ளோ வரும்படி நீளத்தைத் திட்டமிடுங்கள். தவிர்க்கவே முடியாதென்றால், மூடியுள்ள பி.வி.சி. ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றைச் சுவரில் பொருத்தி, வயர்கள் அனைத்தும் பெட்டியின் அடிப்பக்கத்திலிருந்து ரப்பர் கிளாண்ட் (வயரை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) வழியாக மட்டுமே நுழையும்படி செய்யுங்கள். வயர் பெட்டிக்குள் நுழைவதற்கு முன் ஒரு சாண் அளவுக்குக் கீழே தொங்கி வளைந்து மேலே ஏற வேண்டும். வயர் வழியே வழியும் மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பெட்டிக்குள் ஏறாது. பணம் செலவில்லாத இந்த ஒரு வளைவு, நான் பார்த்த வீடுகளில் பாதிக்கும் மேற்பட்ட மழைக்கால ட்ரிப்புகளை நிறுத்தியிருக்கிறது. இரண்டு வயர்களை முறுக்கிச் சேர்க்க வேண்டிய நிலை வந்தால், ஃபேஸ் (மின்சாரம் வரும் வயர்) இணைப்பும் நியூட்ரல் இணைப்பும் எதிரெதிரே அமையாமல் இரண்டு அங்குலம் தள்ளித் தள்ளி அமையட்டும்.

அந்தப் பெட்டியைத் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதும் சிந்திக்க வேண்டியது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதைத் தென்மாவட்டங்களில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். செடிக்குப் பக்கத்தில் தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஓர் அரையடித் தண்ணீரிலேயே மூழ்கிவிடும். இடுப்பு உயரத்துக்குக் கீழே எந்த இணைப்பும் வேண்டாம்.

புதிதாக விளக்கு செட் வாங்குபவர்கள் அது வரும் அட்டைப்பெட்டியின் மேல் ஐ.பி. 44 (தூசியும் நீரும் புகாமல் காக்கும் அளவைக் குறிக்கும் எண்) அல்லது அதற்கு மேற்பட்ட எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 44 என்பது எத்திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும், 65 என்பது பீய்ச்சும் நீரையும் தாங்கும், 20 என்பது நீரிலிருந்து எந்தக் காப்பும் தராது. விளக்குக்கு 65 என்று போட்டுவிட்டு அதன் பிளக்கும் கன்ட்ரோலர் பெட்டியும் சாதாரணமாகவே இருக்கும் செட்டுகளும் உண்டு. அந்த இரண்டும் கூரைக்குக் கீழேதான் இருக்க வேண்டும்.

சுவிட்சை அணைத்த பிறகும் விளக்குகள் மங்கலாக எரிகின்றன

இது பலருக்கு வேடிக்கையாகத் தெரியும், சிலர் இரவு விளக்காகக்கூட வைத்துக்கொள்வார்கள். இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். சுவிட்சில் சிறிய சிவப்பு நியான் விளக்கு இருந்தால் அதன் வழியே கசியும் துளி மின்னோட்டமே எல்.இ.டி.யை மினுக்கப் போதும். வெளிவிளக்கின் நீண்ட வயர் இன்னொரு மின்வயரை ஒட்டியே ஓடினாலும் தூண்டலால் மினுக்கம் வரும். இவ்விரண்டும் பெரிய ஆபத்தில்லாதவை. மூன்றாவது காரணம் அப்படிப்பட்டதல்ல: சுவிட்ச் ஃபேஸ் வயரில் இல்லாமல் நியூட்ரல் வயரில் போடப்பட்டிருக்கிறது. அப்படியானால் நீங்கள் அணைத்துவிட்டதாக நினைக்கும் போதும் வரிசை முழுவதும் 230 வோல்ட் நின்றுகொண்டிருக்கிறது.

இதைச் சோதிக்க, விளக்கை உருவிவிட்டு, உலர்ந்த செருப்போடு நின்று, டெஸ்டரைச் சாக்கெட்டில் வைத்துப் பாருங்கள். எர்த் துளை மேலே இருக்க, நேராகப் பார்க்கும்போது வலப்பக்கத் துளை ஃபேஸ், இடப்பக்கத் துளை நியூட்ரல். சுவிட்ச் அணைந்திருக்கும்போது எந்தத் துளையிலும் டெஸ்டர் எரியக் கூடாது. போட்டிருக்கும்போது வலப்பக்கம் மட்டும் எரிய வேண்டும். அணைத்த நிலையில் டெஸ்டர் பிரகாசமாக எரிந்தால் அந்தச் சாக்கெட்டின் வயர்கள் மாறியிருக்கின்றன. அதைத் திருத்துவது மின்பணியாளரின் வேலை. டெஸ்டர் எரியாததை மட்டும் நம்பி வெறும் வயரைத் தொடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எம்.சி.பி. விழுகிறது

சுவிட்சைப் போட்ட நொடியிலேயே விழுந்தால் ஷார்ட் சர்க்யூட். ஆணி, ஸ்டேப்ளர் பின், மூடிய ஜன்னல் கதவு ஆகிய மூன்றில் ஒன்று இரண்டு வயர்களையும் ஒருசேரக் கடித்திருக்கும். சுவரில் வயரைப் பிடிக்கப் பின் அடித்திருந்தால் முதலில் அங்கேயே பாருங்கள்.

சற்று நேரம் எரிந்த பின் விழுந்தால் மின்சுமை அதிகம் என்று பொருள், ஆனால் அதற்கு எல்.இ.டி. செட்டுகள் காரணமாக இருப்பது அரிது. 6 ஆம்பியர் எம்.சி.பி. 230 வோல்ட்டில் 1,380 வாட் வரை தாங்கும். பத்து செட் போட்டாலும் நூறு வாட்டைத் தாண்டுவது கடினம். அதே லைனில் இஸ்திரிப் பெட்டியோ மோட்டாரோ, முற்றத்துக்கு வெளிச்சம் தரும் பழைய ஹாலஜன் விளக்கோ ஓடுகிறதா என்று பாருங்கள். 6 ஆம்பியரை எடுத்துவிட்டு 16 ஆம்பியர் எம்.சி.பி. போடுவது, சுவருக்குள் இருக்கும் வயரை ஃபியூசாக மாற்றுவதற்குச் சமம்.

வரிசையில் ஒரு பகுதி மட்டும் எரியவில்லை

தொடராகக் கோத்ததால்தான் அதற்குச் சீரியல் என்று பெயர். ஓர் எல்.இ.டி.யின் கால் துருப்பிடித்து அறுந்தாலே அதன் பகுதி முழுவதும் இருண்டுவிடும். ஈரத்தில் நின்ற செட்டுகளில் எல்.இ.டி.யின் அடியில் பச்சை பூத்திருப்பதைக் காணலாம். பலர் அந்த ஒன்றை வெட்டி எறிந்துவிட்டு வயர்களை முறுக்கிவிடுகிறார்கள். 50 பல்பு கொண்ட பழைய அரிசி பல்பு செட்டில் ஒவ்வொன்றுக்கும் 4.6 வோல்ட் கிடைக்கும். ஐந்தை வெட்டினால் மீதி 45க்கும் 5.1 வோல்ட். அவை கூடுதலாகச் சூடாகி வேகமாகப் போகும். அதைவிடப் பெரிய தீங்கு, வெட்டிய ஒவ்வோர் இடமும் வெளியே ஒரு புதிய முறுக்கு இணைப்பாகிவிடுவது. வீட்டுக்குள் மாட்டும் செட்டானால் பொறுமையாகச் சரிசெய்யலாம். வெளியே மாட்டுவதானால் அதை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்குவதே என் உறுதியான கருத்து.

பிளக் சூடாகிறது, கருகிய வாடை வருகிறது

பிளக்கே இல்லாமல் வயரின் உரித்த முனைகளைச் சாக்கெட் துளையில் வைத்துத் தீக்குச்சியால் இறுக்குவது இன்னும் நடக்கிறது. குச்சி காய்ந்து சுருங்கியதும் இணைப்பு தளர்ந்து, தளர்ந்த இடத்தில் பொறி பறந்து, பொறி சூடாகி, சாக்கெட் உருகும். மூன்று பின் சாக்கெட்டில் தளர்வாக ஆடும் இரண்டு பின் பிளக்கும், ஒன்றின் மேல் ஒன்றாகச் சொருகிய மல்ட்டி பிளக்கும் இதே வகைதான். சுருட்டிய நிலையிலேயே பயன்படுத்தும் எக்ஸ்டென்ஷன் வயரும் சூடேறும்; முழுவதும் விரித்துவிட்டே பயன்படுத்த வேண்டும்.

வாடை ஸ்டாரிலிருந்து வந்தால் உள்ளே என்ன பல்பு என்று பாருங்கள். காகித ஸ்டாருக்குள் 60 வாட் குண்டு பல்பு போடும் காலம் முடிந்துவிட வேண்டும். 5 அல்லது 7 வாட் எல்.இ.டி. பல்பு போதுமான ஒளி தரும். ஹோல்டரின் வாய் கீழ்நோக்கி இருந்தால்தான் நீர் தேங்காது. ஸ்டாரின் எடையை வயர் தாங்காதபடி தனிக் கயிறு கட்ட வேண்டும். குடிலைப் பொறுத்தவரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: வைக்கோலும் காய்ந்த புல்லும் உள்ள இடத்துக்குள் 230 வோல்ட் எதுவும் போகக் கூடாது. தரமான 12 வோல்ட் அடாப்டரை வீட்டுக்குள் வைத்து, அதன் மெல்லிய வயரை மட்டும் குடிலுக்குக் கொண்டு செல்லுங்கள். அந்த 12 வோல்ட் பட்டை விளக்கு 5 மீட்டருக்கு மேல் போனால் கடைசிப் பகுதி மங்கும். அது வயரில் ஏற்படும் மின்னழுத்த இழப்பு. இரண்டு முனைகளிலிருந்தும் மின்சாரம் கொடுத்தால் சரியாகும்.

வீடு முழுவதும் சில விளக்குகள் பளிச்சென்றும் சில மங்கியும் எரிகின்றன

மும்முனை இணைப்புள்ள வீட்டிலோ தெருவிலோ நியூட்ரல் அறுந்தால் இப்படி ஆகும். ஒரு முனையில் மின்னழுத்தம் 230ஐத் தாண்டி 400ஐ நோக்கி ஏறக்கூடும். அலங்கார விளக்கை ஆராய்ந்துகொண்டிருக்க நேரமில்லை. மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987க்கு அழையுங்கள். கம்பத்திலோ, வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரிலோ நீங்களாக ஏறிப் பார்க்க வேண்டாம். அலங்கார வயரை அந்த சர்வீஸ் வயர் மேல் கட்டியிருந்தால், மின்வாரிய ஊழியர் வந்து மின்சாரத்தைத் துண்டித்த பிறகே அவிழ்க்க வேண்டும்.

எல்லாம் நன்றாக எரிகிறது, ஆனால் வீட்டில் ஆர்.சி.சி.பி. இல்லை

பழைய வீடுகளில் பீங்கான் ஃபியூஸ் மட்டும் இருக்கும். எதுவும் விழாது என்பதால் எந்தப் பழுதும் இல்லை என்று தோன்றும். மேலே சொன்ன கசிவுகள் அத்தனையும் அங்கே அறிகுறி காட்டாமல் இருக்கின்றன. வீட்டு வயரிங் முழுவதையும் மாற்ற இப்போது வசதியில்லை என்றால், வெளிவிளக்குகளுக்குப் போகும் அந்த ஒரு லைனுக்கு மட்டுமாவது 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை மின்பணியாளரைக் கொண்டு பொருத்திவிட்டு, சோதனைப் பொத்தான் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த பின் ஸ்டாரை ஏற்றுங்கள். எர்த் குழியையும் அதே நாளில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் சோதனைப் பொத்தான் எர்த் சரியாக இருக்கிறதா என்பதைச் சொல்லாது.

ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து விளக்குகளை இறக்கும்போது, வயரை முழங்கையில் முறுக்கிச் சுற்றாமல் ஓர் அட்டையில் தளர்வாகச் சுற்றி வையுங்கள். எந்தச் செட்டில் இந்த ஆண்டு ட்ரிப் ஆனதோ, எதில் பகுதி இருண்டதோ, அதன் பிளக்கிலேயே ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த டிசம்பரில் பெட்டியைத் திறப்பவர் நீங்களாக இல்லாமல் வீட்டின் பிள்ளைகளாகவும் இருக்கலாம்.